வைஃபை லேப்டாப்பும் கேபிள் பிரிண்டரும் பேசிக்கொள்வது எப்படி?

கேள்வி: எங்கள் ஆபீஸில் பிரிண்டர் கேபிளில், லேப்டாப் வைஃபையில். இரண்டும் வேறு வகை நெட்வொர்க் என்கிறார்கள். அப்புறம் எப்படி பிரிண்ட் போகிறது?

பதில்: நடுவில் இருக்கும் அக்சஸ் பாயிண்ட் (வைஃபை தரும் பெட்டி) ஒரு பிரிட்ஜ், அதாவது இரண்டு நெட்வொர்க்கை இணைக்கும் பாலம். வைஃபையில் லேப்டாப் அனுப்பும் ஃபிரேமின் (தரவைச் சுமக்கும் உறையின்) தலைப்பில் பொதுவாக மூன்று முகவரிகள் இருக்கும்: அனுப்புவது, சேர வேண்டியது, நடுவில் வாங்கிக் கொடுக்கும் அக்சஸ் பாயிண்ட். கேபிள் நெட்வொர்க்கான ஈதர்நெட்டுக்கு முதல் இரண்டே போதும். ஆகவே பிரிட்ஜ் பழைய தலைப்பைக் கழற்றி, வைஃபை பூட்டைத் (மறையாக்கத்தை) திறந்து, ஈதர்நெட் தலைப்பை மாட்டி, பிழை சோதிக்கும் எண்ணையும் புதிதாகக் கணக்கிட்டு கேபிளில் விடுகிறது. உள்ளே இருக்கும் சரக்கை, அதாவது ஐபி பாக்கெட்டை, தொடுவதே இல்லை.

சரி, பிரிண்டர் எந்தப் பக்கம் என்று அதற்கு யார் சொன்னது? யாரும் சொல்வதில்லை, எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். வரும் ஒவ்வொரு ஃபிரேமிலும் அனுப்பியவரின் 48 பிட் மேக் முகவரியை (நெட்வொர்க் கருவியின் வன்பொருள் முகவரியை) பார்த்து, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தானே குறித்துக்கொள்ளும். தெரியாத முகவரி என்றால் வந்த பக்கம் தவிர மற்ற எல்லாப் பக்கமும் அனுப்பும். ஒரு முகவரியிலிருந்து வெகுநேரம் எதுவும் வராவிட்டால், வழக்கமாக 300 நொடியில், குறிப்பை அழித்துவிடும்.

டோக்கன் ரிங் என்ற பழைய வகை கேபிள் நெட்வொர்க்கை ஈதர்நெட்டுடன் இணைத்த காலத்தில்தான் உண்மையான தலைவலி. அதில் ஒரு ஃபிரேம் 4,000 பைட்டைத் தாண்டலாம், ஈதர்நெட்டில் 1,500தான்; பிரிட்ஜ் துண்டு போடாது என்பதால் பெரிய ஃபிரேம் அப்படியே குப்பைக்குப் போனது.