கொப்பி போகுது, பிள்ளை போகல்ல

கேள்வி: உப்புவெளியில இருந்து ஒரு அம்மா. மகளுக்கு 24 வயசு, 16 வயசில இருந்து வலிப்பு, வல்ப்ரோவேட் குளிசை போடுறா. இந்தச் சிவராத்திரிக்கு கோணேசர் கோயில்ல விடிய விடிய முழிச்சிருந்துட்டு வந்தவ, மறுநாள் காலம விழுந்துட்டா. அமெரிக்காவில இருக்கிற தம்பிட மகனுக்கும் இதே வருத்தம், அவங்க அங்க மாதாமாதம் ஒரு தொகை கட்டி ஒரு குடும்ப டொக்டரிட்ட மெம்பரா இருக்கிறாங்களாம், இங்கயும் ஒரு டொக்டரோட அப்பிடிப் பேசுங்க அக்கா, காசு நான் அனுப்புறன் எண்டு சொல்லுறாராம். ஆசுப்பத்திரி கிளினிக்க விட்டுட்டு அதுக்கு மாறலாமா?

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தில மூண்டு பக்கத்தையும் வாசிச்சன். தம்பிட காசுக்கணக்கு ஒரு பக்கம், பேசி வந்த மாப்பிள்ளைட உத்தியோகம் அரைப்பக்கம். எனக்கு உறுத்தினது நீங்க போற போக்கில எழுதிவிட்ட ஒரு வரிதான். "இப்ப ரெண்டு வருஷமா சின்னவன்தான் கிளினிக் கொப்பியக் கொண்டுபோய் மருந்து எடுத்துட்டு வாறவன், கலியாணம் பேசுற நேரம் இவ கிளினிக் வாங்கில இருக்கிறத ஆரும் கண்டா சரியில்லத்தானே."

அப்ப ரெண்டு வருஷமா எந்த டொக்டரும் உங்கட மகளக் காணல்ல. கொப்பியத்தான் கண்டிருக்கிறாங்க. கொப்பிக்கு வலிப்பு வராது தங்கச்சி, சிவராத்திரிக்கு முழிச்சிருக்கவும் மாட்டாது, விரதம் எண்டு குளிசைய விடவும் மாட்டாது (அண்டைக்கு விட்டவதானே? அதையும் நீங்கதான் எழுதியிருக்கிறீங்க, ஏதோ சும்மா விசயம் மாதிரி). நித்திரை முறிஞ்சதும் குளிசை தவறினதும் ஒண்டாச் சேர்ந்தா விழாம என்ன செய்வா. இத அவவிட்ட கேக்க அங்க ஒரு ஆள் இருந்திருக்கோணும், அவ முன்னால போய் இருந்தாத்தானே கேப்பாங்க.

இன்னொண்டு இருக்கு, அதுதான் என்னக் கோவப்பட வச்சது. கலியாணம் பேசுறீங்க, பிள்ளை வல்ப்ரோவேட் போடுறா. வயித்தில பிள்ளை இருக்கேக்க அந்தக் குளிசையப் போட்டா 100 குழந்தையில 10க்குக் கிட்ட குறையோட பிறக்கலாம், முள்ளந்தண்டு சரியா மூடாம, இருதயத்தில ஓட்டையோட, அண்ணம் பிளந்து எண்டு, அதவிட 30, 40 குழந்தைக்கு பேச்சு, படிப்பு, வளர்ச்சி பிந்தலாம். பிள்ளை பெறுற வயசுப் பொம்பிளைகளுக்கு இத எழுத வேண்டாம் எண்டு உலக சுகாதார நிறுவனமே 2023இல சொல்லிட்டுது. உங்கட மகள் தொடங்கேக்க 16 வயசு, அப்ப இந்தக் கதை வந்திருக்காது. இப்ப 24, தாலி கட்டப் போறா, இப்ப வந்தே ஆகோணும். லமோட்ரிஜின், லெவெடிரசெட்டம் எண்டு வேற குளிசைகள் இருக்கு, நரம்பு டொக்டர்தான் பாத்து மெல்ல மெல்ல மாத்துவார், போலிக் அசிட்டும் முன்கூட்டியே தொடங்குவார். சின்னவனிட்ட கொப்பியக் குடுத்துவிட்டா இதெல்லாம் ஆர் கேக்கிறது? அவன் தன்ட அக்காவுக்குப் பிள்ளை பெறுறதப் பத்திக் கேப்பானா? ஆனா இத வாசிச்ச பயத்தில குளிசைய இண்டைக்கே நிப்பாட்டினீங்க எண்டா உயிருக்கே ஆபத்து, சொல்லிப்போட்டன்.

இனி தம்பி சொல்லுற மெம்பர்ஷிப். நல்ல முறைதான், நான் குறை சொல்ல வரல்ல. அமெரிக்காவில அப்பிடி டொக்டர்மார் சில நூறு பேர மட்டும் வச்சுப் பாக்கிறாங்க, அதால பத்து நிமிசத்தில எழுப்பி அனுப்பாம இருத்திக் கதைக்க நேரம் இருக்கு, போன்ல பிடிக்கலாம், எந்த நாள் வலிப்பு வந்தது, அதுக்கு முதல் நாள் நித்திரை எப்பிடி, குளிசை தவறினதா எண்டு கூடவே இருந்து கணக்கெடுப்பாங்க. காய்ச்சலுக்கோ நோவுக்கோ வேற மருந்து எழுதேக்கயும் வலிப்பக் கிளப்பாததாப் பாத்து எழுதுவாங்க, ட்ரமடோல் மாதிரி சில நோ மருந்துகள் கிளப்பும். ஆனா அந்தக் காசுக்குள்ள நரம்பு டொக்டரும் எம்ஆர்ஐயும் ஆசுப்பத்திரிக் கட்டிலும் வராது, அதுக்கு அங்க காப்புறுதி வேற வச்சிருப்பாங்க, தம்பியக் கேட்டுப் பாருங்க. இங்க உங்களுக்கு கிளினிக்கும் குளிசையும் ஒரு சதம் இல்லாமக் கிடைக்குது, அத விட்டுட்டு எங்க போறீங்க? நம்பிக்கையான குடும்ப டொக்டர் ஒராள் மேலதிகமா இருந்தா நல்லம், தம்பிட காசு அதுக்குப் போகட்டும். ஆனா நீங்க கேக்கிறது டொக்டர இல்ல, ஒரு திரைச்சீலைய. வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போற ஆள், கிளினிக் வாங்கில பக்கத்து வீட்டு ஆக்கள் காணாத மாதிரி. அதுக்கு டொலர் வேண்டாம், நான் விடவும் மாட்டன்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் எண்டு எங்கட ஆக்கள் லேசாச் சொல்லுவாங்க, பிறகு அந்தப் பொய்யோட படுத்து எழும்புறது ஆர்? அவதான். புருசனுக்குத் தெரியாம குளிசைய ஒளிச்சுப் போட்டு, ஒரு நாள் ஒளிக்க இடமில்லாமத் தவறி, கிணத்துக் கட்டில நிக்கேக்க வந்தா? இல்லாட்டி அண்டைக்குச் செய்த மாதிரி கையில இரும்புச் சாவியத் திணிச்சு வாய்க்குள்ள கரண்டி வைக்க ஓடுற ஆக்களுக்கு மத்தியில? (அந்தச் சாவி ஒண்டுக்கும் உதவாது, வாய்க்குள்ள ஒண்டும் வைக்க வேண்டாம், தலைக்குக் கீழ மெத்தெண்டு ஏதாவது வச்சு, கை கால் வெட்டி இழுக்கிறது நிண்டதும் ஒரு பக்கமாச் சரிச்சுப் படுக்க வைங்க, 5 நிமிசம் தாண்டினா 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் கூப்பிடுங்க.) மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லுங்க. இப்பவே, நாள் குறிக்க முதல், நீங்களே போய் வாயால. கேட்டுட்டு எழும்பிப் போனா போகட்டும், தாலி கட்டினாப் பிறகு போறத விட இது எவ்வளவோ மேல்.

நானும் என்ட மாமியோட எத்தினையோ வருஷம் கிளினிக் வாங்கில விடியவே போய் இருந்தவள்தான். அங்க ஆரும் ஆரையும் பாக்கிறதில்ல, எல்லாரும் தங்கட நம்பர் எப்ப வரும் எண்டுதான் பாத்துக்கொண்டிருப்பாங்க.

அடுத்த கிளினிக் நாளைக்கு மகள் போறா, பக்கத்தில நீங்க இருக்கிறீங்க. சிவராத்திரிக் கதைய அவவே சொல்லட்டும், கலியாணம் பேசுறத நீங்க சொல்லுங்க, நரம்பு டொக்டரிட்ட போக ஒரு துண்டு எழுதித் தரச்சொல்லிக் கேளுங்க. சின்னவன விடுங்க. அக்கா எண்டா ஊர் காணாம ஒளிக்க வேண்டிய ஆள் எண்டுதான் இந்த ரெண்டு வருஷமும் அந்தப் பெடியன் படிச்சிருக்கான்.

மூண்டு பக்கத்தில மகள் என்ன சொல்லுறா எண்டு ஒரு வரி இல்ல தங்கச்சி. அடுத்த கடிதத்த அவவ எழுதச் சொல்லுங்க.