பழைய ஜிப்சிக்கு 1.3 எஞ்சின் ஏற்றப் போகிறேன். கார்புரேட்டர் போடலாமா, எம்பிஎஃப்ஐ போடலாமா?

கேள்வி கேட்டவர் ஊட்டிக்காரர். 970 சிசி மாருதி ஜிப்சி வைத்திருக்கிறார், மாதம் இரண்டு முறை கோவைக்கு இறங்குவாராம். கார்புரேட்டர் எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறது, எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் கணக்குப்படி இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின்) என்றால் வயரிங் தலைவலி என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களாம்.

நான் இரண்டையும் ஒரே வண்டியில் போட்டுப் பார்த்தவன். முதலில் கார்புரேட்டர், மூன்று வருடம் கழித்து எம்பிஎஃப்ஐ. அதனால் செலவும் இரண்டு முறை, வீட்டில் வாங்கிய பாட்டும் இரண்டு முறை.

ஒன்றை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சாமான் கடையில் காட்டுகிற எம்பிஎஃப்ஐ எஞ்சினோடு ஈசிஎம் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்), வயரிங் செட், சென்சார்கள், டாங்குக்குள் இருக்கும் பம்ப் எல்லாம் வருகிறதா? எஞ்சின் மட்டும்தான், மற்றதைப் புதுப்பேட்டையில் தேடிக்கொள்ளலாம் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பேசாமல் கார்புரேட்டர் போடுங்கள். ஒரு வண்டியின் ஈசிஎம், இன்னொரு வண்டியின் வயரிங் என்று சேர்த்தால் எந்த வயர் எதற்கு என்று தேடுவதிலேயே ஆறு மாதம் போய்விடும்.

முழு செட்டும் கிடைத்தால் உங்களுக்கு எம்பிஎஃப்ஐதான். காரணம் நீங்கள் இருக்கிற ஊர்.

என் கார்புரேட்டர் எஞ்சின் கோவையில் தங்கம் மாதிரி ஓடியது. முதல் தடவை மலை ஏறினேன். கல்லாறு தாண்டும்வரை ஒன்றுமில்லை. குன்னூருக்கு மேல் பிக்கப் மந்தமானது, ஊட்டி வந்து நிறுத்தினால் ஐடிலிங் நிற்கவில்லை. பிளக்கைக் கழற்றினால் கண்மை அப்பியது போலக் கரி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளைக்கு அது தெரியாது. பெட்ரோலைத் தாராளமாகவே விடும். மெக்கானிக் அண்ணன் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் குறைத்துப் போட்டார், ஊட்டியில் வண்டி சிரித்தது. மேட்டுப்பாளையம் இறங்கியதும் எஞ்சின் சூடேறி, கார்புரேட்டர் வழியாகத் தும்ம ஆரம்பித்தது. பிறகு டேஷ்போர்டில் இரண்டு ஜெட், ஒரு ஸ்க்ரூடிரைவர், கை துடைக்கப் பழைய பனியன் துணி என்று ஒரு தனிக் குடும்பமே குடியிருந்தது. எம்பிஎஃப்ஐயில் இந்த வேலையை மேப் சென்சார் பார்த்துக்கொள்கிறது. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து, ஏற ஏற பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே வரும்.

எஸ்டேட் ரோட்டில் இன்னொரு தொல்லை. வண்டி ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்தால் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோலும் சாயும். ஒன்று ஓவர்ஃப்ளோ, இல்லையென்றால் வறட்சி. ஏற்றத்தில் பாதி வழியில் ஆஃப் ஆன வண்டியைப் பின்னால் உருட்டி இறக்கியவர்களுக்குத்தான் அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும்.

இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது இ20. சாதாரண பெட்ரோல் எரிய, எடையில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 போதும். பழைய ஜெட்டுக்கு அது பெட்ரோல் குறைந்த கலவையாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், உயரமும் எத்தனாலும் ஊட்டியில் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டும். மேட்டுப்பாளையத்தில் ஈடுகட்ட உயரம் இல்லை. ஆக்சிஜன் சென்சார் உள்ள எம்பிஎஃப்ஐ இதைத் தானே கொஞ்சம் திருத்திக்கொள்ளும். ஆனால் எதைப் போட்டாலும் பழைய ரப்பர் ஹோஸ்களைத் தூக்கி எறியுங்கள், எத்தனால் அவற்றை ஊற வைத்துவிடும்.

எம்பிஎஃப்ஐயில் நான் பட்ட அடி இரண்டு. முதலாவது பம்ப். கார்புரேட்டருக்குப் பெட்ரோலை மூன்று நான்கு பிஎஸ்ஐ அழுத்தத்தில் தள்ளினால் போதும்; இன்ஜெக்டருக்கு நாற்பது பக்கம் வேண்டும். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய டாங்கை வைத்துக்கொண்டு வெளியே ஒரு பம்பை மாட்டினேன். கால் டாங்குக்குக் கீழே போனால் ஒவ்வொரு வளைவிலும் காற்றை உறிஞ்சி வெட்டி வெட்டி ஓடியது. கடைசியில் எம்பிஎஃப்ஐ ஜிப்சியின் டாங்கையே பம்போடு வாங்கிப் போட்டேன். முதலிலேயே செய்திருக்கலாம்.

இரண்டாவது, சூடானால் திடீரென்று ஆஃப் ஆவது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் சென்சார் மாற்றினார்கள், இன்னொன்றில் ஈசிஎம்மே போய்விட்டது என்றார்கள். இரண்டு மாதம். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் பையன் வந்து எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரைக் கழற்றினான். "அண்ணே, பெயின்ட் மேலயே போல்ட் போட்டிருக்காங்க." உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்து முறுக்கினான். அதோடு சரி. எல்லா எர்த்தையும் முதல் நாளே இரும்பு பளபளக்கத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

கார்புரேட்டர் காட்டில் நின்றாலும் ஸ்க்ரூடிரைவரால் கிளம்பிவிடும், பம்ப் போன எம்பிஎஃப்ஐயைக் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஸ்க்ரூடிரைவரைச் சரியாகத் திருப்பத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எங்களுக்குச் செய்துகொண்டிருந்த அண்ணனும் கடையை மூடிவிட்டார்.

எந்தக் கடையில் எதைக் கேட்பது என்றால், ஜிப்சியிலேயே 1996-இல் வந்த 1.3 கார்புரேட்டர், சுமார் 60 குதிரைத்திறன். 2000-இல் வந்த 16 வால்வு எம்பிஎஃப்ஐ சுமார் 80. மாருதி எஸ்டீம் காரின் எஞ்சினும் இதே குடும்பம்தான், ஆனால் அது காரில் குறுக்கே உட்கார்ந்திருந்தது. உங்கள் வண்டியில் நீளவாக்கில் உட்கார வேண்டும், மாற்று வேலை கூடும். கிடைத்தால் ஜிப்சி எஞ்சினையே எடுங்கள்.

ஆர்டிஓ விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி எஞ்சின் மாற்ற முன்கூட்டியே அனுமதி வாங்கி, ஆர்சியில் புதிய எஞ்சின் எண்ணை ஏற்ற வேண்டும். அதனால் எஞ்சின் எண் எழுதிய பில் கையில் வராமல் கடையை விட்டு நகராதீர்கள். அந்த எண்ணை எஞ்சினில் அடித்திருப்பதோடு நீங்களே குனிந்து ஒப்பிட்டுப் பாருங்கள். முடிந்தால் எஞ்சினைத் தூக்குவதற்கு முன், அது இருக்கிற வண்டியிலேயே ஒருமுறை ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள்.