தனிமையில் இருப்பவருக்கு இலக்கியமும் ஓவியமும் உண்மையிலேயே ஆறுதல் தருமா?

தரும். ஆனால் ‘மனசுக்கு இதமாக இருக்கும், படி’ என்று பிறர் கொடுத்த புத்தகங்கள் எனக்கு ஒருநாளும் கைகொடுத்ததில்லை. துயரத்தைத் துயரமாகவே சொன்ன ஒன்றுதான் கைகொடுத்தது.

நான் யாங்கோனில் இருக்கிறேன். 2021-இல் இரவு ஊரடங்கு வந்தபோது வீட்டில் நானும் அப்பாயியும் மட்டும்தான். தம்பி வெளிநாட்டில். போனில் பேசலாமென்றால் லைன் கிடைக்காது. கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாது. பேச்சும் தீர்ந்துபோன ஒரு ராத்திரியில் அலமாரியிலிருந்து வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ நூலை எடுத்தேன். சர்மா இங்கே ‘ஜோதி’ பத்திரிகையை நடத்தியவர். 1941 டிசம்பரில் ரங்கூனில், அதாவது இப்போதைய யாங்கோனில், ஜப்பானியர் குண்டு போட்டார்கள். அடுத்த ஆண்டு லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். அவரும் அப்படிப் போனவர்.

அப்பாயியும் அந்த வருஷம் நடந்தவர்தான், சின்னப் பிள்ளையாக. சண்டை முடிந்தபின் குடும்பம் திரும்பி வந்துவிட்டது. அதைப் பற்றிக் கேட்டால் “அது கிடக்கட்டும்” என்பார், அவ்வளவுதான். மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தேன். முதலில் பேசாமல் கேட்டார். பிறகு ஒருநாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “எல்லையில இருக்கிற தாமு ஊரு வர்றதுக்கு முன்னாடியே செருப்பு அறுந்துபோச்சு தாயி. எங்கம்மா கோணிச் சாக்கைக் கிழிச்சு என் கால்ல சுத்திவிட்டுச்சு.” அப்புறம், வழியில் காய்ச்சலில் போய்விட்ட தன் தங்கச்சியின் பேரைச் சொன்னார். அப்படி ஒருத்தி பிறந்ததே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அத்தனை வருஷம் வராத பேச்சு அன்றைக்கு ஏன் வந்தது? தான் பட்டதை இன்னொருவரும் பட்டு, அதை எழுதியும் வைத்திருக்கிறார் என்று கேட்டதும் இதுவும் சொல்லத்தக்கதுதான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

ஓவியத்திலும் எனக்குக் கிடைத்தது அதே துணைதான். பர்மாவின் பழைய தலைநகரான பகான் போனால் மியின்கபா கிராமத்துக் குப்யௌக்ஜி கோயிலுக்குக் கட்டாயம் போங்கள். 1113-இல் இளவரசர் ராஜகுமார் கட்டியது. உள்ளே இருட்டு. டார்ச் அடித்தால், சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக ஜாதகக் கதைகள், அதாவது புத்தரின் முற்பிறவிக் கதைகள், கீழே பர்மாவின் பழைய மொழிகளில் ஒன்றான மோனில் விளக்கம். எனக்கு மோன் தெரியாது. ஆனால் வெளிச்சம் விழும் அளவுக்குத்தானே பார்க்க முடியும், அதனால் ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்த்தேன். எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு கையோடு அந்த நேரம் தனியாக இருந்தேன், தனிமையாகத் தெரியவில்லை.

அதே பகானில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்திருக்கிறது. மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர்பட்டணத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், அங்கிருந்த ‘நானாதேசி விண்ணகர்’ என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் கதவும் அணையாமல் எரிய ஒரு விளக்கும் கொடுத்ததைச் சொல்வது. தொடக்கத்தில், திருமாலைப் பாடும் வடமொழி நூலான முகுந்தமாலையின் சுலோகம் ஒன்று! கடல் தாண்டி வந்த இடத்தில், தனக்கு மனப்பாடமாயிருந்த பாட்டை அவர் கல்லில் வெட்ட வைத்திருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பர்மாவில் தமிழ் படிக்கும் எனக்கு அவர் வேற்று ஆளாகத் தோன்றவில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், உங்கள் குடும்பம் வந்த வழியைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் அதைத் தேடி எடுங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால் சத்தமாகப் படியுங்கள். அவர் குறுக்கே பேசினால், புத்தகத்தை மூடிவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.