டேப்பட் சத்தமா, மேனிஃபோல்டு கசிவா?

பழைய கார் வைத்திருப்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (என்ஜினிலிருந்து வரும் புகையைச் சேர்த்து சைலன்சர் பைப்புக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்) கசிவைப் பற்றித்தான். அவற்றில் சில இங்கே.

என் 1984 அம்பாசடரைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்) சரிசெய்தும் பலனில்லை. (அண்ணா நகர்)

சூடானதும் அடங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு. இது மேனிஃபோல்டு கசிவு. இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. டேப்பட் சத்தம் இப்படி முழுசாகக் காணாமல் போவது அரிது. ஒரு மீட்டர் நீள ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் மெதுவாக நகர்த்துங்கள். கசியும் இடத்தில் சத்தம் காதில் அறையும். ஃபேன், பெல்ட் பக்கம் கையும் குழாயும் போகக் கூடாது. சிலர் ஊதுபத்திப் புகையை வைத்துப் பார்க்கிறார்கள். பெட்ரோல் இருக்கும் கார்புரேட்டர் பக்கத்திலேயே இருக்கிறது, அந்த வேலையே வேண்டாம். என்ஜின் ஆறியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ்கெட் (மேனிஃபோல்டுக்கும் என்ஜின் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் அடைப்புத் தகடு) ஓரத்தில் விசிறி மாதிரி கரி படிந்திருந்தால் இடம் அதுதான்.

ஒரே வருடத்தில் மூன்று கேஸ்கெட் மாற்றிவிட்டேன். ஜி.பி. ரோட்டில் நல்ல கடையில்தான் வாங்கினேன். இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. இதுவும் அம்பாசடர்தான். (மயிலாப்பூர்)

கேஸ்கெட் மேல் பழி போடாதீர்கள். நான்காவதும் இப்படித்தான் போகும்.

அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினில் இன்லெட் (பெட்ரோலும் காற்றும் உள்ளே போகும் வழி), எக்ஸாஸ்ட் இரண்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. எக்ஸாஸ்டுக்கு மூன்று வாய், இன்லெட்டுக்கு இரண்டு. நடு எக்ஸாஸ்ட் வாயில் 2, 3 சிலிண்டர்களின் புகை சேர்ந்து வருவதால் அங்கே சூடு அதிகம். இரண்டு மேனிஃபோல்டும் சந்திக்கும் இடங்களில் ஒரே ஸ்டட் (ஹெட்டில் பதித்த, நட் மாட்டும் திருகு), ஒரே தடித்த வாஷர். அந்த வாஷரின் ஒரு பாதி இன்லெட் காதின் (நட் இறுக்கிப் பிடிக்கும் விளிம்பின்) மேலும் மறுபாதி எக்ஸாஸ்ட் காதின் மேலும் உட்காரும். இரண்டு காதும் ஒரே தடிமனாக இருந்தால்தான் பிடி சமமாக விழும். யாரோ எப்போதோ எக்ஸாஸ்டை மட்டும் கிரைண்ட் செய்து அரை மில்லி குறைத்திருந்தால், நட்டை எவ்வளவு இறுக்கினாலும் வாஷர் சாய்ந்து இன்லெட்டை மட்டுமே அழுத்தும். மந்தைவெளியில் ஒரு பட்டறையில் நான் கழற்றிய வாஷர் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. அந்த வண்டிக்கும் கேஸ்கெட்டைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

அதனால் கழற்றியதும் ஸ்டீல் ரூலரை மேனிஃபோல்டு ஹெட்டோடு ஒட்டும் முகத்தின் மேல் நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 0.2 மில்லிக்கு மேல் நுழைந்தால் சர்ஃபேஸ் கிரைண்டிங் தேவை. கிண்டி, அம்பத்தூர் எஸ்டேட்களில் செய்துகொடுப்பார்கள். இரண்டு மேனிஃபோல்டையும் சேர்த்தே கொடுங்கள், காதுகளின் தடிமன் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். ஹெட்டின் முகத்தையும் பார்க்க மறக்காதீர்கள்.

பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுங்கள், தூள் பறக்கக் கூடாது. மாட்டும்போது நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். பித்தளை நட் போட்டால் அடுத்த முறை துருப்பிடித்து மல்லுக்கட்டாது. சில நாள் ஓட்டியபின், என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது மறுபடி ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் தடவினால் அடைபடுமா? (பெரம்பூர்)

அடைபடாது. அது சுமார் 300 டிகிரி வரைதான் தாங்கும். மேனிஃபோல்டு அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் மேனிஃபோல்டு ஸ்டட் ஒன்று ஹெட்டில் இருந்தபடியே உடைந்துவிட்டது. (தாம்பரம்)

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே தயாரான வண்டி! அதன் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறப்பதால் கை வைக்க நல்ல இடம் கிடைக்கும். உடைந்த ஸ்டட் கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்ட் அடித்து, சூடு தணியும்போது ஸ்பேனரால் முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்கலாம். பெட்ரோல் லைனையும் கார்புரேட்டரையும் பேட்டரியையும் முதலில் கழற்றிவிட வேண்டும். மட்டத்தோடு உடைந்திருந்தால் ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் ட்ரில் போட்டால் ஓட்டை பக்கவாட்டில் ஓடிவிடும்.

மேனிஃபோல்டில் விரிசல். வெல்ட் செய்வதா, புதுப்பேட்டையில் பழையது வாங்குவதா? (வளசரவாக்கம்)

நல்ல பழையது கிடைத்தால் அதுதான் என் முதல் சாய்ஸ். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே மாதிரி கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டுங்கள். முழுசாக இருந்தால் கணீர் என்று ஒலிக்கும், விரிசல் இருந்தால் மழுங்கிய சத்தம் வரும். சந்தேகமாக இருந்தால் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் ஈரக்கோடாகத் தெரியும்.

கிடைக்கவில்லையா, வார்ப்பிரும்பு தெரிந்த வெல்டரிடம் மட்டும் போங்கள். முழுத் துண்டையும் சூடாக்கி, வெல்ட் செய்து, மணலிலோ சாம்பலிலோ புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிடுபவராக இருக்க வேண்டும். சட்டென்று ஆறினால் பக்கத்திலேயே புது விரிசல் விடும். அப்புறம் முகத்தைக் கிரைண்ட் செய்தே ஆக வேண்டும்.

பத்மினியில் பின்சீட்டில் உட்காரும் குழந்தைகளுக்குத் தலைவலி வருகிறது. கசிவு இருப்பது தெரியும். அடுத்த மாதம் சரிசெய்யலாமா? (திருவான்மியூர்)

வேண்டாம், இன்றே வண்டியை நிறுத்துங்கள். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமோ மணமோ கிடையாது. புகை வாடை வரவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க முடியாது. தலைவலி, மயக்கம், குமட்டல் எல்லாம் அதன் அடையாளங்கள். குழந்தைகளை இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், காரில் புகை கசிந்ததையும் சொல்லுங்கள். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடவே கூடாது. மேனிஃபோல்டைச் சரிசெய்யும்போதே, என்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஒயர், கேபிள் நுழையும் ஓட்டைகளின் ரப்பர்களையும் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள். பின்பக்கம் சைலன்சர் பைப், டிக்கி கதவின் ரப்பர் பீடிங் இரண்டையும் சேர்த்துப் பார்த்தபிறகு குழந்தைகளை ஏற்றலாம்.