வெம்பன்யாமாவா, ஹோம்கிரனா?

கூடைப்பந்தில் இளம் சென்டர்களில் (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்கள்) விக்டர் வெம்பன்யாமா, செட் ஹோம்கிரன் இருவரில் யார் மேல் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டத்தில் எட்டக்கூடிய உச்சத்தைப் பார்த்தால் வெம்பன்யாமாதான், சந்தேகமே வேண்டாம். 2023-24இல், முதல் சீசனிலேயே, ஆட்டத்துக்குச் சராசரி 3.6 பிளாக் (எதிரணி எறியும் பந்தைத் தட்டித் தடுப்பது), அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் முதலிடம். அதைவிடப் பெரிய கணக்கு, அவருக்குப் பயந்து எறியாமல் விட்ட ஷாட்கள். கூடையை நோக்கிப் பாய்ந்து வருகிறவர் அந்த நீளக் கையைப் பார்த்ததும் பந்தை வெளியே தள்ளிவிடுவார். புள்ளிவிவரத்தில் இது ஏறாது.

ஹோம்கிரன் வேறு ரகம். கால் காயத்தால் 2022-23 முழுக்க உட்கார்ந்திருந்தவர், அடுத்த சீசனில் தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்டில் 37 சதவீதம், வெம்பன்யாமாவுக்கு 32.5தான். எதிரணி சென்டரை வெளியே இழுத்து, சக வீரருக்கு வழி திறந்துவிடுவார். இருவருமே ஒல்லி. தடித்த சென்டர் முதுகால் தள்ளினால் திணறுகிறார்கள்.