பத்து நாள் வகுப்பு போதாதா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், நாடகக் குழு, விவாத மன்றம், இதழ்க் குழு என்று மாலை முழுவதும் அலைகிறாள். கேட்டால், பிறரோடு பேசிப் பழகி இணைந்து வேலை செய்யும் மென்திறன் வளர்கிறது என்கிறாள். இறுதியாண்டில் பத்து நாள் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது, அம்மா. நேர்முகத் தேர்வில் எப்படி உட்கார வேண்டும், தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அந்த வகுப்பு சொல்லித்தரும், அதுவும் தேவைதான். ஆனால் மனிதரோடு சேர்ந்து வேலை செய்வதைக் காதால் கேட்டுக் கற்க முடியாது.

நாடகம் அரங்கேற இரண்டு நாள் இருக்கையில் முக்கிய வேடம் ஏற்றவர் காய்ச்சலில் படுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றாக வந்தவருக்கு வசனம் பாதிதான் தெரியும். விளக்குகளைக் கவனித்துவந்தவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அரங்கத்துக்குக் கொடுத்த முன்பணத்தின் ரசீதைக் காணோம். அந்த இரவில் உங்கள் மகள் யாரிடம் எந்தக் குரலில் பேசினாள், எதை விட்டுக்கொடுத்தாள், தன் பக்கத்துத் தவற்றை ஒப்புக்கொண்டாளா என்பதில் இருக்கிறது நீங்கள் கேட்கும் மென்திறன். எந்தப் பயிற்றுநராலும் அந்த இரவை வகுப்பறைக்குக் கொண்டுவர இயலாது.

உங்கள் கவலையிலும் நியாயம் உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின் 1984-இல் முன்வைத்த மாணவர் ஈடுபாட்டுக் கோட்பாடு, ஒரு செயலில் மாணவர் செலுத்தும் உழைப்பின் அளவையும் தரத்தையும் பொறுத்தே பயன் அமையும் என்கிறது. மாணவரின் நேரமும் ஆற்றலும் எல்லைக்குட்பட்டவை என்பதையும் அது மறக்கவில்லை. மூன்று குழுக்களில் பெயர் கொடுத்துப் பங்கேற்புச் சான்றிதழ்களை அடுக்குவதால் கோப்புதான் தடிக்கும். கணக்கையோ ஒத்திகையையோ தன் பொறுப்பில் எடுத்து ஓராண்டு நடத்தியவருக்கு அந்தத் தாள்கூடத் தேவைப்படாது.

பல்கலைக்கழகங்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. எல்லாச் செயல்பாடுகளையும் மாலையில் வைத்தால், தொலைவிலிருந்து வருபவர்களும் பகுதிநேர வேலைக்குப் போகிறவர்களும் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு இந்த வாய்ப்பு கிடைக்க வேண்டுமானால், வார அட்டவணைக்குள்ளேயே அதற்கென நேரம் ஒதுக்க வேண்டும்.

இன்று மாலை மகளிடம், ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்று கேட்காமல், ‘இதில் உன் பொறுப்பு என்ன?’ என்று கேளுங்கள். அவளால் பதில் சொல்ல முடிகிற ஒரு குழுவில் அவள் தொடரட்டும். மற்ற இரண்டையும் விடச் சொல்லுங்கள். தேர்வு மாதத்தில் ஒத்திகை நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் குழுவிடம் அவளே பேசி முடிக்கட்டும்.