நிஜ கார் போலவே ஓடும் பந்தய வீடியோ விளையாட்டில், வளைவில் பிரேக் அடித்தால் கார் ஏன் சுழல்கிறது?

காரணம் 'எடை மாற்றம்'. பிரேக் அடித்ததும் காரின் பாரம் முன்சக்கரங்கள் மேல் சாய்கிறது, பின்சக்கரங்கள் லேசாகிவிடுகின்றன. தரையில் எவ்வளவு அழுந்துகிறதோ அவ்வளவுதான் டயருக்குப் பிடி. அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கையும் திருப்பினால், பிடி குறைந்த பின்பக்கம் வெளியே வழுக்கிவிடும்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ரப்பர் பால் வாளி சுமந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நிறைந்த வாளியோடு சட்டென்று நின்றால், பால் முன்விளிம்பில் மோதிக் காலில் சிந்தும். அதனால் கடைசி இரண்டு மூன்று அடியில் நடையைத் தளர்த்தித்தான் நிற்பார்கள்.

சிப்பாங் கார் பந்தயத் தடத்தின் 15ஆவது வளைவும் அப்படித்தான். நீண்ட நேர்ப்பாதை முடிந்ததும் வரும் கொண்டை ஊசி வளைவு அது. கார் நேராக ஓடும்போதே பிரேக்கை நன்றாக அழுத்துங்கள். அப்புறம் ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்பக் காலை மெல்ல எடுங்கள். இது பிடிபட்ட அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

விளையாட்டு வேண்டுமென்றே நம்மைத் தள்ளிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஒவ்வொரு டயர் மேலும் விழும் பாரத்தை அது நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை கணக்கிடுகிறது.